கையைச் சுடாமல் ஒரு க்ரூஸர் வாங்குவது எப்படி

க்ரூஸர், அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் நீளமான பைக், வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, வண்டியை ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள் என்றுதான். பெரும்பாலும் முறைப்பார்கள். எத்தனை சிசி, மைலேஜ் எவ்வளவு என்று பேச வந்தவரிடம் கேட் அகலத்தைக் கேட்டால் கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஸ்ப்ளெண்டரின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை, 1236 மில்லிமீட்டர். பஜாஜ் அவெஞ்சர் 220 என்ற க்ரூஸருக்கு அது 1490. ஒரு ஜாணுக்கும் மேல் கூடுதல் நீளம். எடை அங்கே 112 கிலோ, இங்கே 163, ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 என்றால் 191. மாடிப்படிக்கு அடியில், வீட்டு ஓனரின் ஸ்கூட்டருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில், ஒரே இழுப்பில் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பழகிய கைக்கு இந்த 191 கிலோவை தினமும் பின்னால் தள்ளி சரிவில் ஏற்றுவது வேறு வேலை. மழை நாளில் டைல்ஸ் தரையில் இன்னும் வேறு வேலை. அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அடுத்தது பட்ஜெட். இங்கே நான் பேசுவது எல்லாம் சேர்த்து, ஆன்ரோடு, இரண்டரை லட்சத்துக்குள் முடிக்க நினைப்பவர்களுக்கு. அதற்கு மேல் போகக்கூடியவர்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியது எதுவும் இல்லை, அவர்களுக்கு ஷோரூமிலேயே காபி கொடுத்துப் பேசுவார்கள். நமக்கு இருக்கும் முக்கியமான கோடு 350 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அதைத் தாண்டினால் 40 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் அப்படித்தான்: 150-லிருந்து 350 சிசி வரை 7,400 ரூபாயை ஒட்டி வருவது, கோட்டைத் தாண்டியதும் 15,000-க்கு மேல் போய்விடும். ஹார்லி எக்ஸ்440 மாதிரி வண்டிகளை ஆசையாகப் பார்க்கலாம், தவறில்லை. பட்ஜெட் என்ற சொல்லோடு அவை ஒட்டாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது உட்கார்ந்து பார்க்கும் விஷயம். இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் நான் பார்த்த வரையில் க்ரூஸரை வாங்கி ஒரு வருடத்தில் விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்ஜினால் விற்கவில்லை, முதுகால் விற்றார்கள். சாதா பைக்கில் போகும்போது ஸ்பீட் பிரேக்கர் வந்தால் நம்மை அறியாமலேயே ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றி இடுப்பை லேசாகத் தூக்கிக்கொள்வோம். கால் நேர் கீழே இருப்பதால் அது நடக்கிறது. க்ரூஸரில் கால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி. பார்க்க ஜோராக இருக்கும், நல்ல ரோட்டில் சொகுசாகவும் இருக்கும், ஆனால் பள்ளம் வந்தால் எழுந்துகொள்ள வழியில்லை, மொத்த உடம்பு எடையும் வால் எலும்பில் போய் உட்காரும். பின் ஷாக் அப்சார்பரும் இந்த வண்டிகளில் அதிகம் அமுங்காது. அதனால் உங்கள் தினப்படி வழியில் எத்தனை கிலோமீட்டர் பள்ளம், எத்தனை கிலோமீட்டர் தார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே டிஸ்க் தேய்மானம் என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டியிருந்தால், காலை முழுக்க நீட்ட வைக்கும் வண்டியை விட்டுவிட்டு டி.வி.எஸ். ரோனின், ஹோண்டா சி.பி.350 மாதிரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கும் வண்டிகளைப் பாருங்கள். அவை சுத்தமான க்ரூஸர் இல்லை என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், முதுகு உங்களுடையது.

உயரம் குறைந்தவர்களுக்கு க்ரூஸர் ஒரு வரப்பிரசாதம் என்று சொல்வார்கள், பாதி உண்மை. அவெஞ்சரின் சீட் உயரம் 737 மில்லிமீட்டர், மீட்டியாருக்கு 765, ரோனினுக்கு 795, சி.பி.350-க்கு 800. ஐந்தடி இரண்டங்குலம் இருப்பவருக்கு அவெஞ்சரில் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியும், சிக்னலில் நிற்க பயமே இருக்காது. ஆனால் அதே ஆளுக்கு ஃபுட்ரெஸ்ட் எட்டுகிறதா, ஹேண்டிலை முழுக்க ஒரு பக்கம் ஒடித்தால் கை நீட்டாமல் பிடிக்க முடிகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். யூ-டர்ன் போடும்போதுதான் இது தெரியும், வெளிப்பக்கக் கை ஹேண்டிலை விட்டு நழுவும். ஷோரூமில் நின்ற இடத்திலேயே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

டெஸ்ட் ரைடு என்றால் ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்புவது இல்லை. கூச்சப்படாமல் அரை மணி நேரம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மாடல் வைத்திருக்கும் நண்பனின் வண்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி ஓட்டுங்கள், அதுதான் இன்னும் நல்லது. ஓட்டும்போது நாலு காரியம் செய்யவேண்டும். நெரிசலான கடைத்தெருவில் பத்து நிமிடம் ஊர்ந்து போங்கள், கிளட்ச் கனமும் இன்ஜின் சூடும் தெரிந்துவிடும். ஒரு மோசமான ஸ்பீட் பிரேக்கரைத் தேடிப் போய் ஏற்றி இறக்குங்கள். வண்டியை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காலால் பின்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம், யார் தினமும் பின்னால் உட்காரப் போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த நாலாவதைத்தான் யாரும் செய்வதில்லை. அம்மா புடவையோடு ஒரு பக்கமாக உட்காருபவர் என்றால் பின் சீட் எவ்வளவு அகலம், பேக்ரெஸ்ட் இடுப்பில் இடிக்கிறதா, சாரி கார்டு சரியாக இருக்கிறதா என்று அவரே உட்கார்ந்து சொல்லட்டும். ஜாவா 42 பாபர் பார்க்க அவ்வளவு அழகு, 334 சிசி, சீட் உயரம் 740, ஆனால் ஒற்றை சீட்டு. அதை வாங்கிவிட்டு வீட்டில் எதிர்கொள்ளும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. இதே சாக்கில், மளிகைப் பையும் பிள்ளையின் ஸ்கூல் பையும் எங்கே மாட்டுவது என்பதையும் யோசித்துவிடுங்கள். சாய்ந்து இறங்கும் அந்தப் பெட்ரோல் டேங்கின் மேல் எதுவும் நிற்காது, பக்கவாட்டுப் பை தனியாக வாங்கவேண்டி வரும்.

இனி வண்டிகளுக்கு வருவோம்.

குறைந்த காசில் புது க்ரூஸர் என்றால் அவெஞ்சரைத் தாண்டி அதிகம் இல்லை. இந்த வண்டியின் பூர்வீகம் 2001-இல் வந்த கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர் 175, அப்புறம் 2005-இல் அவெஞ்சர் 180, 2007-இல் 200, 2010-இல் 220. அந்தக் காலத்து உடம்பு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை, மீட்டரைப் பார்த்தாலே வயது தெரியும். ஆனால் பட்ஜெட்காரனுக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. இன்ஜின் பல்சர் குடும்பத்தது. தேனியிலோ திட்டக்குடியிலோ வண்டி நின்றாலும் அந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார், பாகமும் மலிவு. 220-இல் 19 குதிரைத்திறன், ஆயில் கூலிங், 13 லிட்டர் டேங்க். தொண்ணூறு வரை நிம்மதியாகப் போகும். குறைகளும் சொல்லிவிடுகிறேன். க்ரூஸ் மாடலில் ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர், நடுரோட்டில் பஞ்சரானால் தள்ளத்தான் வேண்டும். ஏ.பி.எஸ்., அதாவது சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி, முன் சக்கரத்துக்கு மட்டும், பின்னால் டிரம் பிரேக். கிக்கர் கிடையாது, ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த அண்ணனுக்குத் தம்பியாக அவெஞ்சர் ஸ்ட்ரீட் 160 இருக்கிறது, 15 குதிரைத்திறன், ஊருக்குள் ஓட்ட மட்டும் என்றால் போதும், இரண்டு பேரோடு ஹைவேயில் லாரியை ஓவர்டேக் பண்ண நினைத்தால் மூச்சு வாங்கும்.

கொஞ்சம் மேலே போனால் ரோனின். ஓசூர்க்காரர்களின் தயாரிப்பு, 2022-இல் வந்தது, 225.9 சிசி, 20 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், 160 கிலோ. இதை நான் பாதி க்ரூஸர் என்பேன். ஊருக்குள் 80 சதவீதம், வெளியூர் 20 சதவீதம் என்று ஓடுபவருக்கு இதுதான் புத்திசாலித்தனம், இதைச் சொன்னால் க்ரூஸர் பித்தர்கள் யாரும் என்னோடு பேசுவதில்லை.

பட்ஜெட்டின் உச்சியில் மீட்டியார் 350. 2020 நவம்பரில் தண்டர்பேர்டின் இடத்துக்கு வந்த வண்டி, சென்னைப் பக்கத்தில்தான் தயாராகிறது. 20 குதிரைத்திறன்தானே, அவெஞ்சரைவிட ஒன்றுதானே அதிகம் என்று காகிதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இழுவை 27 நியூட்டன் மீட்டர், அவெஞ்சருக்கு 17.55. சிலிண்டரின் அகலம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 85.8. இப்படி ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும் இன்ஜின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும், கியரை அடிக்கடி மாற்றவேண்டாம். டாப் கியரில் ஐம்பதில் போய்க்கொண்டே இருந்து திராட்டிலைத் திருகினால் முனகாமல் எடுக்கும். அந்த 'தட தட' சுகம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 191 கிலோவை 20 குதிரைதான் இழுக்கிறது என்பதும் உண்மை, நூறுக்கு மேல் அதைப் பிழிவதில் அர்த்தம் இல்லை. ஈ.சி.ஆரில் எண்பதில் புதுச்சேரி வரை போக இதைவிட நல்ல வண்டி இந்த விலையில் இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு எந்த க்ரூஸரையும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பாதியில் கை வலிக்க ஆரம்பிக்கும், வேகமாகச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் ரோட்டில் உரசும். மலைதான் உங்கள் ஆசை என்றால் நீங்கள் தப்பான வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கையில் லட்சம் ரூபாய்க்குள்தான் இருக்கிறது என்பவர்களுக்குப் பழைய வண்டிதான் வழி, அதில் கேவலம் ஒன்றும் இல்லை. க்ரூஸரை ஆசைக்கு வாங்கி ஓட்டாமல் நிறுத்தி வைப்பவர்கள் அதிகம், அதனால் நாற்பது ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடாத நல்ல வண்டிகள் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். அவெஞ்சர் 220 முதல் தேர்வு. 2012-க்குப் பின் வந்த தண்டர்பேர்ட் 350 இரண்டாவது, 20 லிட்டர் டேங்க், கார்புரேட்டர், கிக்கரும் உண்டு. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்துதான் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது வண்டிகளுக்கும் கட்டாயமானது, அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது, அதை மனதில் வைத்து விலை பேசுங்கள். சுஸுகி இன்ட்ரூடர் மலிவாக வரும். இன்ஜின் ஜிக்ஸருடையது என்பதால் அது பிரச்சினை இல்லை, ஆனால் உற்பத்தி நின்றுபோன வண்டி, மேலே போர்த்தியிருக்கும் அந்தப் பெரிய பிளாஸ்டிக் உடைந்தால் பாகத்துக்கு அலையவேண்டும். யூ.எம். ரெனிகேட் இன்னும் மலிவாக வரும், தோற்றமும் மயக்கும். வாங்காதீர்கள், கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டது.

நான் சுட்டுக்கொண்ட கதையை இங்கே சொல்லவேண்டும். முதல் க்ரூஸரை ஒரு புரோக்கர் மூலம் வாங்கினேன். பளபளவென்று பாலிஷ் போட்டு, புது சீட் கவர், புது கைப்பிடி, மீட்டரில் பதினெட்டாயிரம். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், இன்ஜின் சூடாக இருந்தது, நானும் அதைக் கவனிக்காமல் சத்தம் அருமை என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது வாரம் ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. மெக்கானிக் அண்ணன் ஹெட்லைட்டைக் கழற்றினார், உள்ளே காய்ந்த சேறு. வெள்ளத்தில் முங்கிய வண்டி. வயரிங் முழுக்க மாற்றி, வீல் பேரிங், ஸ்டியரிங் கோன் செட் எல்லாம் மாற்றியதில் மிச்சம் பிடித்த காசு அத்தனையும் போனது. அன்றிலிருந்து பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் ஸ்க்ரூ டிரைவரோடு போய் ஹெட்லைட்டைத்தான் திறக்கச் சொல்கிறேன், விற்பவர் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்கள்தான் பண்ணவேண்டும், இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். நீலப்புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. நேர் ரோட்டில் முப்பதில் போகும்போது கைப்பிடியை லேசாகத் தளர்த்திப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று தெரியும், இழுத்தால் ஃபோர்க்கோ சேஸிஸோ அடி வாங்கியிருக்கிறது. மீட்டரில் பதினைந்தாயிரம் இருந்து, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பவேண்டாம். சத்தமான சைலன்சர் மாட்டியிருந்தால் ஒரிஜினல் சைலன்சர் இருக்கிறதா என்று கேளுங்கள், போலீஸ் நிறுத்தினால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

காகிதம் இன்னும் முக்கியம். வண்டி எண்ணை அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு ஓனர் பெயர், எத்தனையாவது ஓனர், பதிவு எது வரை செல்லும், சலான் பாக்கி, கடன் பாக்கி எல்லாம் பாருங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருந்தால் கடனை அடைத்த தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் வாங்காமல் முழுப் பணத்தைத் தராதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆர்.சி.யோடு இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள், இதை மறந்துவிட்டு ஒரு வருடம் அடுத்தவர் பெயரில் பாலிசியை வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் ஏராளம், வண்டிக்கு அடிபட்டு கிளைம் கேட்கும்போதுதான் விழிப்பார்கள். பதினைந்து வயதை நெருங்கும் வண்டிக்கு மறுபதிவுச் செலவு வரும், அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

புது வண்டிக்காரர்கள் பேசவேண்டிய இடம் ஷோரூம் மேஜை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் சாலை வரி ஒரு லட்சத்துக்கு உட்பட்ட வண்டிக்கு 10 சதவீதம், மேற்பட்டால் 12. ஒன்றரை லட்சம் வண்டிக்கு அதுவே 18 ஆயிரம். அதற்கு மேல் இன்சூரன்ஸ், பதிவு. இது வரை நியாயம். பிறகு கொட்டேஷனின் அடியில் ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்லான் கோட்டிங், ஆக்ஸசரீஸ் கிட் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்து இது எதற்கு என்று கேளுங்கள். எதற்கும் கோபப்படவேண்டாம், சிரித்துக்கொண்டே கேட்டால் போதும், பாதி உதிர்ந்துவிடும். இன்சூரன்ஸை வெளியில் விலை விசாரித்துவிட்டுப் போனால் அங்கேயும் குறையும்.

கடனில் எடுப்பவர்கள் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃப்ளாட் வட்டியா, குறையும் நிலுவை மேலான வட்டியா? ஒன்றரை லட்சத்துக்கு 10 சதவீத ஃப்ளாட், மூன்று வருடம் என்றால் வட்டி 45,000, மாதத் தவணை 5,417. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு ஒன்றரை லட்சத்துக்கும் ஓடுகிறது, அதனால் உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம். நகைக்கடன் அதைவிட மலிவாகக் கிடைக்கும், வீட்டில் கேட்கத் தைரியம் இருந்தால்.

ஓட்டும் செலவையும் ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுங்கள். ஆபீசுக்குத் தினம் போக வர 30 கிலோமீட்டர், மாதம் 26 நாள், மொத்தம் 780. லிட்டருக்கு 35 தரும் க்ரூஸருக்கு 22 லிட்டருக்குச் சற்று மேல், 60 தரும் சாதா பைக்குக்கு 13 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே மாதம் 900-க்கு மேல் வித்தியாசம், வருடத்துக்கு 11,000. அகலமான பின் டயரும் சாதா பைக் டயரைவிட விலை அதிகம். இதைப் பார்த்து நான் கண்டுபிடித்த ஏற்பாடு, ஆபீசுக்கு அப்பாவின் பழைய நூறு சிசி, சனி ஞாயிறுக்கு க்ரூஸர். நிறுத்த இடம் இருந்தால் இதைச் செய்யலாம், அதனால்தான் முதலிலேயே இடத்தைக் கேட்டேன்.

எல்லாம் முடிந்து டெலிவரி எடுக்கும் நாளில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பில்லோடு ஒத்துப் போகிறதா, தயாரான மாதம் எது, இரண்டு சாவியும் வந்ததா என்று பகலில் பாருங்கள், ராத்திரி ட்யூப் லைட் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, வீட்டுக்குப் போகும் முன் நேராகப் பெட்ரோல் பங்குக்கு விடுங்கள். டேங்கில் அரை லிட்டர் இருந்தால் பெரிய விஷயம்.